பேரனின் பல்லக்கும் என் பிக்சட் டெபாசிட்டும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டிபன் ஆன கையோடு பேரன் அடையாறிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். முகமே சரியில்லை.

"தாத்தா, ஒன்றரை லட்சம் வேணும். புது லேப்டாப். இதுல கிராபிக்ஸ் இழுக்கவே மாட்டேங்குது."

அவன் அப்பா, அதாவது என் பிள்ளை, முடியாது என்றுவிட்டான். என்னிடம் இருப்பது ஒரே ஒரு பிக்சட் டெபாசிட். பாட்டியின் கண் ஆபரேஷனுக்கென்று எடுத்து வைத்தது. அது பேரனுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கிறான் என்றால் எவ்வளவு தவித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி வருஷப் படிப்பு. பிராஜெக்டுக்காக 'யூனிட்டி' என்கிற மென்பொருளில் ஒரு கேம் செய்கிறான். கதை நம்ம மயிலாப்பூரில்தான். அறுபத்து மூவர் திருவிழாக் கூட்டத்தில் அம்மாவைத் தொலைத்த ஒரு சின்னப் பெண், மாட வீதிகளைச் சுற்றி அம்மாவைத் தேடிப் போக வேண்டும். கபாலி கோவில் கோபுரம், குளம், பூக்கடை எல்லாம் அச்சு அசலாக வந்திருந்தன. பல்லக்குகள் தெருமுனையில் திரும்பும்போதுதான் தொல்லை. படம் திக்கித் திக்கி நகர்ந்தது. விநாடிக்கு 14 படமாம்.

சினிமாவுக்கு விநாடிக்கு 24 படம் என்று நமக்குத் தெரியும். அங்கே ஒரு படத்தைக் கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் வரைந்தாலும் பாதகமில்லை, தியேட்டருக்கு வரும்போது எல்லாம் தயாராக இருக்கும். 2014ல் வந்த 'கோச்சடையான்' அப்படி வரைந்ததுதான். கேமில் அது நடக்காது. ஆடுகிறவன் பொத்தானை அழுத்திய பிறகுதான் அடுத்த படத்தையே வரைய முடியும். விநாடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடி. திரையின் துடிப்போடு ஒத்துப் போகும்படி வைத்திருந்தால், ஒரு நூலிழை பிந்தினாலும் அடுத்த துடிப்புக்குக் காத்திருக்க வேண்டும். 29சி பஸ்ஸைத் தவறவிட்ட மாதிரி.

"சரி, என்னென்ன பண்ணிப் பார்த்தே?" என்றேன்.

டிரைவரைப் புதுப்பித்தானாம். படத்தின் தரத்தைக் குறைத்தானாம். யூடியூபில் யாரோ சொன்னதெல்லாம் செய்தானாம். கடைசியில் ஒரு நண்பன், "கார்டு பத்தாதுடா, ரிச்சி ஸ்ட்ரீட் போய் நல்ல மெஷினா வாங்கு" என்று சொல்லிவிட்டான்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வரும். நான் 34 வருஷம் தொலைபேசித் துறையில் பழுது பார்த்தவன். 'போன் டெட்' என்று புகார் வந்தால் புதுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டோம். எக்ஸ்சேஞ்சில் எம்.டி.எஃப்., அப்புறம் கேபினெட், பில்லர், தெருக்கோடியில் டி.பி., அதற்கப்புறம்தான் வீடு. நடுவில் ஓரிடத்தில் லைனைப் பிரித்து இரண்டு பக்கமும் டெஸ்ட் பண்ணுவோம். ஒரு பக்கம் நல்லது என்று தெரிந்தால் பாதித் தலைவலி போச்சு. இன்றைய பிள்ளைகளுக்கு நோய் தெரிவதற்கு முன்பே மருந்து தெரிந்துவிடுகிறது!

"உன் லைன்ல நடு எங்கேடா இருக்கு?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தான். என்ன வரைய வேண்டும் என்று உத்தரவு போடுவது பிராசசர். அதை வாங்கிப் புள்ளி புள்ளியாக நிரப்புவது கிராபிக்ஸ் சிப். படத்தின் ரெசல்யூஷனை நீளம் அகலம் இரண்டிலும் பாதியாக்கினான். நிரப்ப வேண்டிய புள்ளிகள் கால்வாசி ஆகிவிட்டன. வேகம் 14லிருந்து 15 ஆனது, அவ்வளவுதான். அப்படியானால் கோளாறு புள்ளி நிரப்புவதில் இல்லை. அந்த வேகம் 30, 40 என்று ஏறியிருந்தால், சிப் திணறுகிறது என்று நானே ஒப்புக்கொண்டு, முதலில் பாட்டியிடமும் பிறகு பாங்கிலும் பேசியிருப்பேன்.

யூனிட்டியிலேயே 'புரொஃபைலர்' என்று ஒன்று இருக்கிறது. எந்த வேலைக்கு எத்தனை மில்லி விநாடி போகிறது என்று பாங்க் பாஸ்புக் மாதிரி வரி வரியாகக் காட்டும். அதை அவன் திறந்ததே இல்லை. ஒரு படத்துக்கு 71 மில்லி விநாடி செலவு, அதில் மூன்றில் இரண்டு பங்கு நிழலுக்கு. 9 பல்லக்கு, ஒவ்வொன்றிலும் 2 விளக்கு, எல்லா விளக்குக்கும் நிழல். நாலா பக்கமும் ஒளி வீசும் விளக்கின் நிழலைக் கணக்கிட, மேல் கீழ் உட்பட ஆறு திசையிலும் சுற்றுப்புறத்தை ஒருமுறை வரைந்தாக வேண்டுமாம். 18 ஆறு 108. ஒரு படத்தைக் காட்ட 108 தடவை திரைமறைவில் வரைந்துகொண்டிருந்தது, பாவம்.

நிழலை அணைத்தான். வேகம் 42க்குப் போனது. ஆனால் அவன் முகம் மறுபடி வாடியது. "நிழல் இல்லாட்டி உயிரே இல்ல தாத்தா."

அது உண்மைதான். என் சின்ன வயதில் பெட்ரோமாக்ஸைத் தலையில் சுமந்து வருவார்கள். அந்தி சாய்ந்த பின் சுவரெல்லாம் மனிதத் தலைகள் ஆடும். எனக்கு நினைவிருப்பது பக்கத்தில் வந்த விளக்கின் நிழல் மட்டுந்தான். அதைச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு மிக அருகில் இருக்கும் விளக்குக்கு மட்டும் நிழலை விட்டுவைத்தான். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். பிறகு, கோபுரத்துப் பொம்மை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உத்தரவு போய்க்கொண்டிருந்ததை, ஒரே வண்ணப்பூச்சில் அடக்கி ஒன்றாகச் சேர்த்தான். சாயங்காலம் காபி வரும்போது 57.

எல்லாருக்கும் பெரிய மெஷின் வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. டொரண்டோவில் ஒரு சிறு குழு 2023ல் 'வெண்பா' என்ற கேமை வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ் அம்மாவின் சமையலறைதான் கதை, இட்லிதான் கதாநாயகன் என்றே சொல்லலாம். கையடக்க நின்டெண்டோ ஸ்விட்சிலேயே ஓடுகிறது. அடுத்த வருஷம் பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் பரிசும் வாங்கியது.

நேற்று பேரன் மறுபடி வந்தான். கூட்டம் போதவில்லையென்று 200 பேரை மாட வீதியில் இறக்கியிருக்கிறான். வேகம் 26. இந்தத் தடவை பணம் கேட்கவில்லை. கூடத்து ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, கையாட்டுகிறவர்களையெல்லாம் முதலில் அசையாமல் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டிக்கு வருகிற புதன்கிழமை ஆபரேஷன்.