மாட்டுக்குப் பல் பார்ப்பவர் சைக்கிளுக்கும் பார்க்கட்டும்!

தஞ்சை வட்டாரத்தில் மாடு வாங்கப் போகிறவர் முதலில் என்ன செய்வார்? மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். பல்லைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும்.

அதே மனிதர் மகனுக்கோ மகளுக்கோ சைக்கிள் வாங்கப் போகிறார். அங்கே நிறத்தைப் பார்க்கிறார். "எத்தனை கியர்?" என்று கேட்கிறார். "21 கியர்" என்று கடைக்காரர் சொன்னதும், அறுவடைப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறார்.

பல்லைப் பார்ப்பதில்லை! சைக்கிளுக்கும் பல் உண்டு. அதுதான் முக்கியம்.

வாளிக் கணக்கு

பெடல் இருக்கும் இடத்தில் ஒரு பல் சக்கரம். பின் சக்கரத்தின் நடுவில் இன்னொரு பல் சக்கரம். இரண்டையும் செயின் இணைக்கிறது.

முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும். பின்னால் 22 பல் இருந்தால் இரண்டு சுற்றுதான். போகும் தூரம் குறையும். ஆனால் மிதிப்பது லேசாகும்.

கிணற்றில் தண்ணீர் இறைப்பது போலத்தான் இதுவும். பெரிய வாளியானால் சில முறை இறைத்தால் போதும், கை வலிக்கும். சிறிய வாளியானால் பல முறை இறைக்க வேண்டும், வலி இல்லை. பின்னால் பல் குறைந்தால் பெரிய வாளி. பல் கூடினால் சிறிய வாளி.

சிறிதும் பெரிதுமான பல் சக்கரங்களை ஒரே கொத்தாக அடுக்கிப் பின்னால் மாட்டுகிறார்கள். அந்தக் கொத்துக்குத்தான் 'கேசட்' என்று பெயர்.

கியர் என்பது சோம்பேறிகளுக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். தவறு! பிரான்சில் 1903-ல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில், ஓடும்போதே கியர் மாற்றும் கருவிக்கு 1937-ல்தான் அனுமதி கிடைத்தது. அதற்கு முன் வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். சக்கரத்தின் இரு பக்கமும் வேறு வேறு அளவுப் பல்! மாபெரும் வீரர்களுக்கே பல்லை மாற்ற வேண்டியிருந்தது.

டெல்டாவின் மலை எது?

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஏறுகிறவருக்கு 34 பல் வரை உள்ள கேசட் உதவும்.

தஞ்சையிலிருந்து திருவையாறு போகிறவருக்கு? வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடக்க வேண்டும். மேடு என்றால் பாலத்து மேடுதான். மற்றபடி வயலைப் போலச் சமதரை.

ஆனால் இங்கேயும் ஒரு மலை உண்டு. அதன் பெயர் காற்று! ஆடி மாதத்தில் மேற்கே பார்த்து மிதித்தவரைக் கேட்டால் தெரியும்.

காற்று ஒரு சமயம் ஓங்கும். ஒரு சமயம் தணியும். அதற்கேற்பப் பல்லும் கொஞ்சம் கொஞ்சமாக மாற வேண்டும். 11 முதல் 34 பல் வரை உள்ள கேசட்டில் 11, 13, 15, 17 என்று தாவிப் போகும் வகை உண்டு. ஒன்றில் கால் கனக்கும். அடுத்ததில் வீணாகச் சுழலும். 12 முதல் 25 வரை உள்ள 11 சக்கரக் கேசட்டிலோ, 12-லிருந்து 19 வரை ஒவ்வொரு பல்லாகவே கூடும். கால் ஒரே சீராகச் சுற்றும். சமவெளியில் நெடுந்தூரம் ஓட்டும் டெல்டா இளைஞர்களுக்கு இதுவே ஏற்றது. கைப்பிடியில் உள்ள கியர் மாற்றி எத்தனை சக்கரத்துக்கு உரியதோ, அத்தனை சக்கரக் கேசட்டையே வாங்க வேண்டும்.

அப்படியானால் '21 கியர்' என்பது என்ன? முன்னால் 3 சக்கரம், பின்னால் 7 சக்கரம். பெருக்கினால் 21. அவ்வளவுதான்! அவற்றில் பலவும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்து விழும்.

பலமா, பல்லா?

எல்லா வீட்டிலும் கியர் சைக்கிள் இல்லை. தமிழக அரசு மாணவ, மாணவியருக்குக் கொடுக்கும் சைக்கிளிலும் பின்னால் ஒரே பல் சக்கரம்தான்.

ஆடிக் காற்றில், முதுகில் புத்தகப் பையோடு, மிதிக்க முடியாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போகும் மாணவியைப் பார்க்கலாம். மணி அடித்த பிறகு பள்ளிக்குப் போய்ச் சேர்கிறாள். "உடம்பில் பலம் இல்லை" என்கிறார்கள். பலம் இருக்கிறது. பல்தான் போதவில்லை!

பின்னால் இருப்பது 18 பல் பிரீவீல் என்றால், அதைக் கழற்றிவிட்டு 20 பல் போடலாம். சைக்கிள் கடைக்காரரே செய்துவிடுவார். செயினில் கண்ணி சேர்க்க வேண்டுமானால் அதையும் சேர்ப்பார். ஒரு மிதிக்குப் போகும் தூரம் பத்தில் ஒரு பங்கு குறையும். மிதிக்கும் கனமும் பத்தில் ஒரு பங்கு குறையும். இறங்கித் தள்ளுவதைவிட, சற்று மெதுவாக மிதித்துப் போவது மேல் அல்லவா?

பெற்றோர்களே! புது சைக்கிளுக்குக் கடன் வாங்கும் முன், பழைய சைக்கிளின் பின் சக்கரத்தருகே உட்காருங்கள். ஒரு பல்லில் சாக்குக்கட்டியால் கோடு போடுங்கள். அங்கிருந்து எண்ணுங்கள். மாட்டின் பல்லைப் பார்த்த கண், மகளின் சைக்கிளையும் ஒரு முறை பார்க்கட்டும்.