குடத்து நீரும் கழிப்பிடமும்

பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு முதலிய மீனவர் கிராமங்களின் கண்ணெதிரே பரந்து கிடப்பது உப்பு ஜலம். இத்தகைய ஊர்களில் நல்ல நீரைக் குடத்தில் கொண்டுவரும் பாரம் பெரும்பாலும் பெண்மக்களையே சேர்கிறது. ஆகவே, கழிப்பிடத்துக்கு எவ்வளவு நீர் செலவாகிறதென்பது இங்கே அற்ப விஷயமன்று.

கணக்கிட்டுப் பார்ப்போம். பட்டணத்துப் பழைய நீர்த்தொட்டி ஒரு முறைக்குப் 10 லிட்டர் நீரைக் கொட்டிவிடும். ஐந்து பேருள்ள குடும்பம் நாளொன்றுக்கு 20 முறை உபயோகித்தால் 200 லிட்டர். அதாவது சுமார் 13 குடம்! மூன்று லிட்டர், ஆறு லிட்டர் என இரு பொத்தான்கள் கொண்ட புதிய தொட்டிக்கு ஐந்து குடம் போதும். சரிவு மிகுந்த கிராமியப் பீங்கானில் கையால் ஊற்றினாலோ ஒரு முறைக்கு இரண்டு லிட்டரே. மூன்று குடத்துக்குள் காரியம் முடிந்துவிடும்.

ஆனால் நீரைச் சிக்கனப்படுத்துவதோடு கடமை தீர்ந்ததா? இல்லை. ஏரிக்கரை மணற்பாங்கான பூமி. நிலத்தடி நீர் மேலேயே நிற்பது. இங்கு சாதாரண உறைக்குழி தோண்டினால், அழுக்கு கிணற்றிலும் ஏரியிலும் கலக்கும். மீனும் இறாலும் வளரும் ஏரியன்றோ இவர்களுடைய வயல்? ஆதலின் குழியை மேடாக்கி, அடியை அடைத்து, சுற்றிலும் மணல் நிரப்புதல் வேண்டும். அன்றேல் திருச்சி ஜில்லா முசிறியில் காவேரிக் கரையில் நடத்திக் காட்டியதுபோல், தரைக்கு மேல் இரண்டு அறைகள் கட்டிச் சாம்பல் தூவும் முறையைக் கைக்கொள்ளலாம். மலத்தின்மீது நீரே ஊற்றாத அம்முறையில், ஓரறை நிரம்பியபின் அதை மூடிவைத்தால் மலம் எருவாகிவிடும்.

காந்தியடிகளின் 150-வது பிறந்த தினமான 2019 அக்டோபர் 2-ந் தேதி, கிராம பாரதம் திறந்தவெளியில் மலங்கழித்தலினின்று விடுபட்டதென அறிவிக்கப்பட்டது. வீட்டுக்கு 12,000 ரூபாய் உதவியும் தரப்பட்டது. நன்று. ஆயினும் கட்டடங்களை எண்ணுவது சுலபம். நீரின்றி அவை விறகறைகளாக மாறாமல் காப்பதே கடினம். மலைக்கும் மணலுக்கும் ஒரே வரைபடம் எங்ஙனம் பொருந்தும்?

சர்க்கார் அந்தந்த மண்ணுக்கேற்ற முறையை வகுக்கட்டும். ஊழியர்களும் கிராம சபையில் இக்கேள்வியை எழுப்பட்டும். பெண்களின் யோசனையைக் கேளாமல் ஒரு செங்கல்லும் வைக்கலாகாது. குடம் சுமப்பவர்க்கன்றோ நீரின் விலை தெரியும்!