குழாய் வைத்த காதும் கிளினிக் அட்டையும்

பிள்ளை கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. வகுப்பில் ஆசிரியர் சொல்வதை அரைகுறையாக எழுதிக்கொண்டு வருகின்றது. இதைக் குழப்படி என்றும் கவனயீனம் என்றும் நினைத்து நாம் ஏசியிருக்கின்றோம், அடித்தும் இருக்கின்றோம். அடிக்கடி தடிமன் பிடிக்கும் பிள்ளையின் செவிப்பறைக்குப் பின்னால் பசை போன்ற நீர் தேங்கி நின்றாலும் இப்படித்தான் இருக்கும். பெரும்பாலும் நோவும் இராது, காய்ச்சலும் இராது. ஆகையால் வீட்டில் ஒருவருக்கும் தெரியவராது.

அனேக பிள்ளைகளுக்கு இந்த நீர் மூன்று மாதத்துக்குள் தானாக வற்றிவிடும். வற்றாமல் கேள்வி குறைந்தால், காது மூக்கு தொண்டை வைத்திய நிபுணர் செவிப்பறையில் சிறு துளையிட்டு, நெல்மணியிலும் சிறிய குழாய் ஒன்றை வைக்கின்றார். மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஒரு துளை மட்டும் இருந்தால் எண்ணெய் தடங்கித் தடங்கி வரும். காற்றுப் போக மற்றொரு துளை குத்தினால் ஒழுங்காக வரும். குழாய் செய்யும் வேலையும் அதுவே. நடுக்காதுக்குள் காற்றுப் போக வழி விடுகின்றது.

அரசாங்க வைத்தியசாலையில் இச்சத்திரசிகிச்சைக்குப் பணம் இல்லை. சில நிமிட வேலை. எமது பிழை அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றது. பிள்ளை வீட்டுக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகின்றோம். எமது எண்ணத்தில், பாதி வைத்தியம் இனித்தான் இருக்கின்றது. அது எமது கையில் இருக்கின்றது.

முதலில் எண்ணெய். சனிக்கிழமை முழுக்கில் காதுக்குள் நல்லெண்ணெய் விடுவதும், காது குத்தினால் உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விடுவதும், கைப்பிள்ளைக்குத் தாய்ப்பால் விடுவதும் எமது வீடுகளில் உள்ள பழக்கம். இதற்காக எமது ஆச்சிமாரைக் குறை சொல்ல மாட்டோம். தொண்ணூறுகளில் மருந்துகள் குடாநாட்டுக்குள் வரத் தடை இருந்த காலத்தில் அவர்களிடம் இருந்தது எண்ணெய்தான். ஆனால் இப்போது செவிப்பறையில் வாசல் திறந்திருக்கின்றது. விட்டது நேரே நடுக்காதுக்குப் போய்விடும். ஆகவே வைத்தியர் எழுதிய துளிமருந்தைத் தவிர வேறு ஒன்றும் வேண்டாம். மற்றப் பிள்ளைக்கு வாங்கி மிஞ்சிய துளிமருந்தும் வேண்டாம். சிலவகை மருந்துகள் குழாயினூடாக உட்சென்றால் கேட்கும் நரம்பையே பழுதாக்கக் கூடும்.

கிணற்றடியில் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுபவர்கள் நாம். சுத்தமான தண்ணீர் சிறிது பட்டால் பெரிய கேடு இல்லை. சவர்க்காரத் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் அப்படியல்ல. தலை முழுகும்போது வசிலீன் பூசிய பஞ்சைக் காதின் வாயில் வைத்து, முழுகியதும் எடுத்துவிடுங்கள். கீரிமலைக் கேணியில் குதித்துச் சுழியோடுவதைக் குழாய் விழும்வரை தள்ளிவைக்க வேண்டும்.

முதல் சில நாட்கள் இளஞ்சிவப்பாய் நீர் கசிவது வழமை. பின்னர் மஞ்சளாய், மணத்துடன் வடிந்தால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திராமல் கொண்டுபோங்கள். வடிவதைச் சுத்தமான பருத்தித் துணியைத் திரித்து வெளியில் ஒற்றி எடுக்கலாம். நெருப்புக்குச்சி, ஈர்க்கு, கோழியிறகு ஒன்றும் காதுக்குள் போகக் கூடாது.

அனேகமாக 6 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையில் குழாய் தானாக விழுந்துவிடும். விழுந்தது தலையணையில் கிடந்தாலும் கிடக்கும், கண்ணில் படாமலும் போகும். துளை மூடியதா, நீர் திரும்பக் கட்டியதா என்பதை வைத்தியர் பார்த்தால்தான் தெரியும். இங்கேதான் எம்மைப் போன்ற குடும்பங்கள் தவறுகின்றன. குத்தகைக் காணியில் வெங்காயம் கிண்டும் நாளும் கிளினிக் நாளும் ஒன்றாக வரும். யாழ்ப்பாணம் போய் வந்தால் ஒரு நாட்கூலி போய்விடும், பஸ் காசு வேறு. சிகிச்சை இலவசம் என்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. அதனிடையே முகாமிலிருந்து உறவினர் வளவுக்கும், அங்கிருந்து விடுபட்ட சொந்தக் காணிக்கும் வீடு மாறுகின்றது; கிளினிக் அட்டை எங்கோ போய்விடுகின்றது.

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதிலிருந்தும் வெளிக்கிட்டபோது, சட்டி பானையை விட்டாலும் காணி உறுதியை விடாமல் மடியில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் எம்மில் எத்தனை பேர்! அந்த உறுதி இருக்கும் பைக்குள்ளேயே பிள்ளையின் அட்டையையும் வையுங்கள். ஒரே கிராமத்தில் இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்தால் மாதர் சங்கம் முறை வைத்து ஒரு தாயை எல்லோருடனும் அனுப்பலாம். மற்றத் தாய்மாரின் கூலி தப்பும்.

பாடசாலையில் பிள்ளையை முன்வாங்கில் இருத்தும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். வீட்டிலும் இடைக்கிடை கேள்வியைப் பார்க்கலாம். முன்னே நின்று கூப்பிட்டால் பிள்ளை எமது வாயைப் பார்த்தே விளங்கிக்கொள்ளும். முதுகுப்புறம் நின்று, மெதுவான குரலில் கூப்பிட்டுப் பாருங்கள்.