இரண்டு நாளில் ஒரு நகரம்

கல்வியின் பொருட்டுக் கடல் கடந்து செல்லும் மாணவன் பாடமில்லா நாட்களில் என் செய்தல் வேண்டும்? அறையினுள் அடைந்து கிடந்து நூல்களையே புரட்டல் வேண்டுமா? அன்றி, நண்பர் குழாத்தோடு ஊரூராய்ச் சுற்றித் திரிதல் வேண்டுமா? இவ்வினா சிறிதெனத் தோன்றினும் சிறிதன்று. நம் கல்லூரி மாணவருட் சிலர் அரையாண்டுப் படிப்பிற்காக ஐரோப்பா செல்கின்றனர். இனிச் செல்ல விழைவோரும் பலர். அவர்கள் பொருட்டு, அங்குச் சென்று மீண்ட யான் என் கருத்தை இம்மலரில் வெளியிடத் துணிகின்றேன்.

சென்ற ஆண்டு ஜெர்மனியின் தென்மேற்குப் பகுதியிலுள்ள ஒரு பல்கலைக் கழக நகரில் யான் தங்கியிருந்தேன். கிடைத்த உதவித்தொகை உணவுக்கும் உறையுளுக்கும் போதுமானதாயிருந்தது. விமானக் கட்டணத்தின் பொருட்டு என் அன்னையார் தம் வளையல்களை அடகு வைத்தார். இதனை மறைத்தல் தகாது. என் வாதமெல்லாம் அவ்வளையல்களுக்கு விடை கூறவே எழுந்தது. முதல் திங்களிலேயே என் தாய்மாமன் எனக்கு ஒரு செய்தி விடுத்தார். “படிக்கப் போனாயா, ஊர் சுற்றப் போனாயா?” என்பதே அது. அவர் வினாவில் நியாயம் இல்லாமற் போகவில்லை. எனினும், அதற்கு விடை கூற எனக்கு நான்கு திங்கள் வேண்டியிருந்தது.

அங்குள்ள வழக்கத்தை முதற்கண் கூறுகின்றேன். வெள்ளிக்கிழமை மாலை வகுப்புக்கள் முடிந்தவுடன் விடுதி வெறிச்சோடிவிடும். முதுகில் ஒரு பை, கையில் ஒரு கைப்பேசி, இவ்வளவே மூட்டை. சனி ஒரு நகரம், ஞாயிறு ஒரு நகரம், இடையிலுள்ள இரவில் முடிந்தால் மற்றொரு நகரம். திங்கட்கிழமை காலையில் அவரவர் கண்ட நகரங்களின் தொகையை ஒருவர்க்கொருவர் எண்ணிச் சொல்வர். நான்கு திங்களிற் பதினேழு நகரங்கள் பார்த்ததாக ஒருவன் பெருமையுடன் கூறினான். அவற்றுள் ஒன்றைக் குறித்து, அதன் நடுவே ஓடும் ஆற்றின் பெயரை வினவினேன். அவன் அறிந்திலன். இங்ஙனம் அலைவதைப் பயணம் என்பதினும் ஓட்டம் என்பதே பொருந்தும்.

என் மாமா பயணமே வேண்டா என்றார். என் தோழர் பயணமே கல்வி என்றனர். இரு திறத்தாரும் ஒருபுடை பிழைத்தனர் என்பது என் துணிபு. இதனை யான் நூலிற் கற்றிலேன். ஸ்திராஸ்பூர்க் நகரில் இரண்டு நாட்களிற் கற்றேன்.

ஸ்திராஸ்பூர்க், பிரான்சு நாட்டின் கீழை எல்லையில் அல்சாஸ் என்னும் நிலப்பகுதிக்குத் தலைநகராய் விளங்குவது. அதற்கு அப்பால் ரைன் ஆறு. ஆற்றின் மறுகரை ஜெர்மனி. ஜெர்மனி முழுவதும் விரைவு வண்டியல்லாத புகைவண்டிகளிற் செல்லத்தக்க மாதச் சீட்டொன்று 2023ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அச்சீட்டுடன் எல்லையோரக் கேல் நகரம்வரை சென்று, அங்கிருந்து டிராம் வண்டியேறி ஆற்றைக் கடந்தோம். அவ்வண்டிக்கென அமைந்த பாலம் 2017ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நாங்கள் நால்வர். போலந்து நாட்டு மாணவன் ஒருவன், ஸ்பெயின் நாட்டு மாணவன் ஒருவன், அல்சாஸின் தென்கோடிச் சிற்றூர் ஒன்றிற் பிறந்து எங்களோடு பயின்ற மாணவி ஒருத்தி, நான்காமவன் யான்.

போலந்து நண்பன் தன் கைப்பேசியில் ஒரு பட்டியல் கொணர்ந்தான். அதில் இருபத்திரண்டு இடங்கள் இருந்தன. சனிக்கிழமை பொழுது சாயுமுன் பதினேழு இடங்களைக் கண்டு முடித்தோம். கண்டோம் என்பது பிழை. நிழற்படம் எடுத்தோம் என்க. செந்நிறம் கலந்த மணற்கல்லால் எழுந்த பேராலயத்தின் கோபுரம் 1439ஆம் ஆண்டு முற்றுப்பெற்றது. 142 மீட்டர் உயரமுடையது. 1647 முதல் 1874 வரை உலகக் கட்டிடங்களுள் அதுவே மிக உயர்ந்தது. இணையாக எழவேண்டிய மற்றொரு கோபுரம் எழவேயில்லை. இவையெல்லாம் பின்னர்ப் படித்தறிந்தவை. அன்று யான் அதன் அடியில் நின்றது ஆறு நிமிடம்.

அவ்வாலயத்தினுள் வானியல் கடிகாரம் ஒன்று உண்டு. இப்பொழுதுள்ள அமைப்பு 1843ஆம் ஆண்டு நிறைவெய்தியது. நாடோறும் நண்பகல் பன்னிரண்டரை மணிக்கு அப்போஸ்தலர் பன்னிருவரின் உருவங்கள் கிறிஸ்து பெருமானின் உருவத்திற்கு முன்னே ஒவ்வொன்றாய்ச் செல்லும். மேலிருக்கும் சேவல் மும்முறை கூவும். பேதுரு தம் ஆண்டவரை மறுதலித்ததை அது நினைவூட்டுவது. கூடியிருந்தோர் யாவரும் கைப்பேசியை உயர்த்தினர், யானும் உயர்த்தினேன். சேவல் கூவி முடிந்த பின்னரே, அவ்வுருவங்களை என் கண்களால் ஒருமுறையேனும் நேரே பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. கையகலக் கண்ணாடியில் தோன்றிய உருவமே யான் கண்டது. அதனை என் விடுதி அறையிலிருந்தே கண்டிருக்கலாம். ஒரு காசும் செலவாகியிராது. என் மாமாவின் வினா அப்பொழுது என் செவியில் ஒலித்தது.

அன்றிரவு எங்களுக்குள் பிணக்கு மூண்டது. எஞ்சிய ஐந்து இடங்களையும் காலையிற் பார்த்துவிட வேண்டுமென்றான் ஒருவன். கால் வீங்கிவிட்டதென்றான் மற்றொருவன். அல்சாஸ் மாணவி ஒன்றும் பேசாதிருந்தாள். நெடுநேரம் கழித்து, “என்னை நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லையே” என்றாள். யாங்கள் தலைகுனிந்தோம். அந்நிலத்திற் பிறந்தவள் அருகிருக்க, யாரோ எழுதிய பட்டியலை நம்பி அலைந்தோம். அவளை ஒன்றும் கேட்டிலேம்.

ஞாயிற்றுக்கிழமை பட்டியல் கைவிடப்பட்டது. காலையிற் புனித தோமாவின் ஆலயத்தில் ஆராதனைக்குச் சென்றோம். அங்கே 1741ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட ஆர்கன் ஒன்று உளது. ஆல்பர்ட் சுவைட்சர் அமர்ந்து இசைத்த கருவி அது. அல்சாஸிற் பிறந்து, இந்நகரத்துப் பல்கலைக் கழகத்திற் பயின்று, 1913ஆம் ஆண்டில் ஆப்பிரிக்க மக்களுக்கு மருத்துவப் பணி புரியச் சென்ற பெரியார் அவர். இந்தியச் சிந்தனையாளரைப் பற்றி 1935ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் நம் திருக்குறளின் அறத்தை அவர் போற்றியுள்ளார். தமிழ் மாணவனாகிய யான் அவ்விருக்கையை அணுகி நெடுநேரம் நின்றேன். எவரும் என்னை விரைவுபடுத்தவில்லை.

பின்னர் அவள் எங்களைக் குடியரசுச் சதுக்கத்திற்கு அழைத்துச் சென்றாள். அதன் ஒரு புறம் பெரிய நூலகம். அதற்கொரு வரலாறு உண்டு. 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் இரவு, ஜெர்மானியப் படையின் முற்றுகைத் தீயில் நகரத்துப் பழைய நூலகம் எரிந்து சாம்பராயிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுந்த ஓவியச் சுவடியொன்றும் அத்துடன் அழிந்தது. நகரைக் கைப்பற்றிய அரசே புதிய நூலகம் நிறுவிற்று. பல நாட்டினரும் நூல்களை அனுப்பினர். இதனைக் கேட்ட தமிழ் மாணவன் எவன்தான் 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து நூலகம் எரிந்ததை நினையாதிருப்பான்? அதனை என் நண்பர்களுக்குக் கூறினேன். அவர்கள் அன்றுவரை அறியாத செய்தி அது. அவள் தன் ஊரின் துயரைக் கூறியதனால் அன்றோ யானும் என் மொழியினரின் துயரைக் கூற நேர்ந்தது!

சதுக்கத்தின் நடுவே ஒரு தாயின் சிலை. 1936ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட போர் நினைவுச் சின்னம் அது. சாகும் தறுவாயிலுள்ள மைந்தர் இருவரை அத்தாய் தாங்கியிருக்கின்றாள். இருவருக்கும் போர்வீரர் உடையில்லை. ஆதலின் எவன் எந்நாட்டுப் படையினன் என்று அறிதல் இயலாது. ஒருவன் ஜெர்மனிக்காகவும் மற்றவன் பிரான்சுக்காகவும் இறந்தவன் என்பது அங்குள்ளார் கொள்ளும் பொருள். 1871இல் ஜெர்மனிக்கும், 1918இல் பிரான்சுக்கும், 1940இல் மீண்டும் ஜெர்மனிக்கும், 1944இல் மீண்டும் பிரான்சுக்கும் கைமாறிய நகரம் இது. எந்நாட்டிற்காக மாண்டனர் என்று கல்லில் எழுத இயலாமையின், “எங்கள் இறந்தோர்க்கு” என்று மட்டும் பொறித்தனர்.

அவ்விடத்தில் எங்கள் தோழி தன் கொள்ளுப்பாட்டனாரைப் பற்றிக் கூறினாள். அவர் 1940இற் பிரெஞ்சுப் படையிற் போர் புரிந்தவர். 1942ஆம் ஆண்டு ஆகஸ்டில் அல்சாஸ் இளைஞரை ஜெர்மானியப் படையிற் கட்டாயமாய்ச் சேர்க்கும் ஆணை பிறந்தது. அல்சாஸும் அண்டையிலுள்ள மோசேலும் சேர்ந்து ஏறத்தாழ 1,30,000 பேர் இங்ஙனம் சேர்க்கப்பட்டனர். அவரும் அவருள் ஒருவர். தாம் எதிர்த்துப் போரிட்ட படையின் உடையைத் தாமே அணிந்து உருசியப் போர்முனைக்குச் சென்றார், மீண்டிலர். “எங்கள் வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை” என்று கூறி அவள் முடித்தாள். நான்கு திங்கள் ஒரே அடுக்களையில் அவளோடு சமைத்துண்டோம். அவள் உப்புக் குறைத்து உண்பவள் என்பதை யான் அறிவேன், இதனை அறிந்திலேன்.

நிற்க. இவ்விரண்டு நாட்களுக்கும் யான் செலவிட்ட தொகை, படுக்கைக் கட்டணம் உட்பட, 54 யூரோ. என் ஒரு வார உணவுச் செலவினும் அது மிகுதி. சனிக்கிழமைக்கு உரிய பாதியை வீண் என்று ஒப்புக்கொள்கின்றேன். ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய பாதியை, என் அன்னையாரின் முன்னிலையிலும் கூசாது கணக்குக் காட்டுவேன்.

“இரண்டு நாளில் ஒரு நகரை அறிதல் எங்ஙனம் கூடும்?” என்று சிலர் வினவலாம். முழுதும் அறிதல் கூடாது; உண்மையே. ஆயின், ஒரு நூலை முழுதும் கற்கக் காலமில்லாதவன் ஒரு செய்யுளையேனும் உரையுடன் கற்கலாமன்றோ? இருபத்திரண்டு செய்யுட்களின் முதலடிகளை மட்டும் படித்தவனினும் அவன் மேலானவன். எங்களுக்கு அந்நகரின் உரையாசிரியர் எங்கள் தோழியே.

ஆகலின், இனி அயல்நாடு செல்லும் இளையோர்க்கு யான் கூறுவன சில. வாரந்தோறும் போகாதீர், திங்களுக்கு ஒருமுறை போதும். ஒரு பயணத்திற்கு ஒரு நகரமே கொள்க. அங்கே காண்பன மூன்றுக்கு மேற்படாதிருக்கட்டும். அவ்வூரினர் ஒருவரை வினவாது திரும்பற்க. அவர் தம் ஊரைப் பற்றிக் கூறுங்கால், நும் ஊரைப் பற்றிக் கூறுதற்கும் ஆயத்தமாயிருமின். அதற்கு முன்னர் நும் ஊரை நீவிர் அறிந்திருத்தல் வேண்டும். மீண்டபின் கண்டதனை வீட்டாருக்கு விரிவாய் எழுதுமின். எழுதுதற்கு ஒன்றுமில்லையேல் அப்பயணம் வீண் என்று தெளிமின்.

யான் அன்றிரவே என் மாமாவுக்கு நான்கு பக்கம் எழுதினேன். முதல் வினாவை அவர் மீண்டும் எழுப்பவில்லை. அடுத்த திங்கள் அவர் விடுத்த செய்தியில் வேறொரு வினா இருந்தது: “அடுத்து எந்த ஊர்?”