‘இரைச்சல்’ என்னும் தீர்ப்பு

நமுனுகுல மலைச்சாரலின் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்த மாணவன் ஒருவன் யப்பானிய மெட்டல் இசைத்தொகுதி ஒன்றைக் கேட்டு இன்புறுகிறான் எனின், அவனைச் சூழ நின்று தீர்ப்பு வழங்குவோர் தொகை சிறிதன்று. அது இசையன்று, இரைச்சல் என்பார் ஒருவர். ஒன்றோடொன்று ஒட்டாத பலவற்றைக் குழைத்த கதம்பம் என்பார் மற்றொருவர். லயத்துப் பிள்ளைக்கு அந்நிய நாட்டுக் கூச்சல் எதற்கு, தன் மண்ணின் கலையைப் பேணலாகாதா என்று வினவுவார் மூன்றாமவர். முதலிருவரும் இரசனையின் பெயராலும், மூன்றாமவர் பண்பாட்டின் பெயராலும் பேசுகின்றனர். ஆயினும், மூவர் கூற்றையும் ஆராய்ந்து நோக்கின், அவற்றின் அடியில் கிடப்பது ஒரே மனப்பான்மையே என்பது புலனாகும். கேட்பதற்கு முன்பே தீர்ப்பளிக்கும் மனப்பான்மை அது. மலையகத்தின் தப்பை இரைச்சலென்று ஒதுக்கிவந்ததும் அதுவே.

வாதம் வெறுங்காற்றில் நிகழாதிருக்கும் பொருட்டு எடுத்துக்காட்டொன்றைக் கொள்ளுதல் நலம். தோக்கியோ நகரில் எண்பதுகளின் இறுதியில் தோன்றிய இசைக்குழு ‘சை’. பெருமூச்சு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் அது. தமிழில் அதே ஒலி அருவருப்பைக் குறிப்பதால், பழிப்போருக்கு வேலை மிச்சம். அக்குழுவின் ஐந்தாவது முழுத்தொகுதியான ‘இமாஜினரி சோனிக்ஸ்கேப்’ 2001இல் வெளிவந்தது. பாட்டையும் விசைப்பலகைகளையும் மிராய் கவாஷிமா ஏற்க, மின்கித்தாரை ஷினிச்சி இஷிகாவா இசைத்தார். நோர்வே நாட்டில் வளர்ந்த ‘பிளக் மெட்டல்’ மரபின் கீறிய குரலும் விரைந்த முழக்கமும் அதன் அடித்தளம். அத்தளத்தின்மேல் எழுபதுகளின் றொக் இசையும், ஐரோப்பியச் செவ்வியலிசையும், டிஸ்கோவின் ஆட்டத் தாளமும், பழைய மின்னணு விசைப்பலகைகளின் நெளிவொலியும் எழுப்பப்பட்டுள்ளன. ‘சுலோட்டர்கார்டன் சுவிட்’ என்னும் பாட்டு பத்து நிமிடங்களைத் தாண்டுவது. அதனுள் இசைவகை மாறும் இடங்கள் சுவரால் மறிக்கப்பட்ட அறைகள் போன்றவையல்ல. மலைப்பாதையின் வளைவுகள் போன்றவை. வளைவுக்கு அப்பால் வருவது எதிர்பாராதது. ஆனால், வந்த வழியோடு தொடர்பற்றதன்று.

இனி, முதற் குற்றச்சாட்டை நோக்கலாம். இரைச்சல் என்பது ஒழுங்கற்ற ஒலி. மெட்டல் கித்தாரின் கரகரப்போ திட்டமிட்டு ஆக்கப்படுவது. ஒலிபெருக்கியை அதன் வரம்புக்கு மேல் உந்தும்போது ஒலியலையின் முகடுகள் வெட்டுண்டு, மேற்றொனிகள் பெருகுகின்றன. தனித்தந்தியின் ஒலி தடித்து நிறைகிறது. தம்புராவின் குதிரைமீது தந்திக்கடியில் நூலிழை செருகுவதும் மேற்றொனிகளைப் பெருக்குவதற்கே. அதனைத் தந்தியின் ‘சீவன்’ என்று போற்றும் செவி, இதனைமட்டும் கேடென்று கொள்வது எவ்வாறு? வேறுபாடு ஒலியில் இல்லை. ஒலிக்கு உரியவர் யார் என்பதில் உள்ளது.

மெட்டல் இசையின் பிறப்பிடம் இங்கு மனங்கொள்ளத்தக்கது. இங்கிலாந்தின் தொழில்நகரான பேர்மிங்ஹாமில், உலோகத்தகட்டுத் தொழிற்சாலையில் வேலைசெய்த ரொனி அயோமி என்னும் இளைஞர், 1965இல் தமது 17ஆம் வயதில், வலக்கையின் இரு விரல் நுனிகளை இயந்திரத்துக்குப் பலிகொடுத்தார். உருக்கிய பிளாஸ்டிக்கினால் விரலுறை செய்து அணிந்து, மெல்லிய தந்திகளைப் பூட்டி, பின்னர் அவற்றைத் தளர்த்தியும் வாசித்தார். அவர் இடம்பெற்ற ‘பிளக் சபத்’ குழுவின் முதற்றொகுதி 1970இல் வெளிவந்தது. அக்குழுவின் கனத்த ஒலியில் தொழிற்சாலையின் காயமும் பங்குகொண்டது. உழைக்கும் வர்க்கத்தின் உடலிலிருந்து பிறந்த இசையை நாகரிகமற்ற சத்தம் என்று தள்ளுவோர் தாம் எவ்வணியில் நிற்கின்றனர் என்பதை அறிதல் வேண்டும்.

தப்பின் வரலாறும் இத்தகையதே. நெருப்பில் தோலைக் காய்ச்சிச் சுருதி ஏற்றும் அக்கருவி, தோட்டங்களின் முற்காலத்தில் விடியற்பொழுதில் தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைக்க ஒலித்தது. அதே தப்பு திருவிழாவிலும் காமன்கூத்திலும் சாவீட்டிலும் வெவ்வேறு அடிகளாக ஒலித்தது. துரைமாருக்கு அது வேலைக்கு அழைக்கும் மணி. சாதிமானுக்கு அது தீண்டத்தகாதவன் கைத்தோல். கற்றோருக்கு அது சங்கீதத்தின் வாயிலுக்கு வெளியே கேட்கும் ஓசை. அடிக்கு அடி வேறுபாடு அறிந்து வாசித்த கலைஞனின் அறிவை இம்மூவரும் கேட்கவில்லை. இன்று மெட்டல் இசையை நோக்கி வீசப்படும் சொல் புதியதன்று. லயத்தின் வாசலிற் பலமுறை வீசப்பட்டுப் பழகிய சொல்லே.

இரண்டாவது குற்றச்சாட்டு கலப்பு. இதனைப் பல்கலைக்கழகத்தில் நின்று கூறுவதுதான் விந்தை. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1955இல் யப்பான் சென்று நோ, கபுகி ஆகிய அரங்க மரபுகளைக் கண்டு திரும்பினார். மறு ஆண்டே ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றினார். அந்நாடகம் சிங்கள நாடகம மரபில் அமைந்தது. நாடகம மரபோ தமிழ்க் கூத்தோடு உறவுடையது. யப்பானும் தமிழும் கலந்த அவ்வாக்கம் இந்நாட்டு அரங்கின் திருப்புமுனையாகப் போற்றப்படுகிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) ஆகியவற்றை மேடையேற்றியபோது, விடிய விடிய ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கி, நவீன மேடைக்கும் ஒளிக்கும் இயைய அமைத்தார். இன்று அவை மரபின் மறுமலர்ச்சி என்று பாடத்தில் இடம்பெறுகின்றன. கருநாடக இசையிலோ பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) கைக்கொண்ட ஐரோப்பிய வயலின் இன்று கச்சேரியின் உயிர்நாடி. பேராசிரியர் கலந்தால் மறுமலர்ச்சி, வித்துவான் கலந்தால் வளர்ச்சி, தோக்கியோ இளைஞன் கலந்தால் கதம்பம் என்பது திறனாய்வன்று. தரவரிசை பார்த்து வணங்கும் பழக்கம்.

கலந்தவையெல்லாம் சிறந்தவை என்பது இதன் பொருளன்று. திரைப்பாட்டின்மேல் இயந்திரத் தாளத்தை ஒட்டி மறுவிற்பனை செய்வதும் கலப்பே. உரைகல் ஒன்று வேண்டும். சேர்ந்த பொருள்கள் ஒன்றையொன்று மாற்றுகின்றனவா என்பதே அவ்வுரைகல். ‘சை’ குழுவின் தொகுதியில் டிஸ்கோ தாளம் கீறிய குரலின் அருகே வரும்போது, தாளத்தின் களிப்பில் ஓர் அச்சமும், குரலின் அச்சத்தில் ஒரு களிப்பும் தோன்றுகின்றன. இரண்டும் பழைய நிலையில் மீள்வதில்லை. இதனை ஒருமுறை கேட்டு உணர்தல் அரிது. மீண்டும் மீண்டும் கேட்டல் வேண்டும். அவ்வகையில் இன்புறுதல் சோம்பலன்று, உழைப்பு.

சாவும் பேயும் இருளும் பாடுவது அமங்கலம் என்ற குறையும் கூறப்படுவதுண்டு. ஒப்பாரியை உடைய சமூகத்துக்கு இக்குறை பொருந்தாது. மாசி மாதத்தில் தோட்டந்தோறும் ஆடப்பட்டுவந்த காமன்கூத்தின் உச்சம், காமன் எரிவதும் இரதி புலம்புவதுமே. இழப்பை உரத்துப் பாடி ஆற்றிக்கொள்ளும் மக்களுக்கு, தொகுதியின் இறுதிப் பாட்டு இரங்கலிசை என்னும் பெயர் தாங்கி வருவது புதிராகாது. நோர்வேயின் பிளக் மெட்டல் வட்டத்தில் தேவாலய எரிப்பும் கொலையும் நிகழ்ந்தமை மறைக்கத்தக்கதன்று. ‘சை’ குழுவின் முதற்றொகுதியும் 1993இல் அவ்வட்டத்தைச் சேர்ந்த வெளியீட்டகத்திலிருந்தே வந்தது. ஆயினும் குழுவினர் தம் ஆக்கத்துக்கு எடுத்துக்கொண்டது இசையை, தீப்பந்தத்தையன்று. எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதைக் கேட்போனும் அவ்வாறே தெரிந்துகொள்ள வல்லவன்.

எஞ்சியிருப்பது மண்ணின் பெயரால் எழும் மூன்றாவது குற்றச்சாட்டு. இதுவே மிக அன்பான குரலில் வருவது. ஆதலால் மிகக் கொடியது. நகரத்துப் பிள்ளை பீத்தோவனைக் கேட்டால் பரந்த அறிவு. தோட்டத்துப் பிள்ளை யப்பானியரைக் கேட்டால் வேரறுதல். ஒருவனுக்கு உலகம், மற்றவனுக்கு வேர் என்று பங்கிடுவது யார் அளித்த அதிகாரம்? 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு, இன்னது உனது எல்லை என்று மீண்டும் கோடு கிழிப்பது பண்பாட்டுப் பணியாகாது.

வெளியே சென்ற செவி வீடு திரும்பாது என்ற அச்சமும் ஆதாரமற்றது. ‘சை’ குழுவே சான்று. நோர்வேயின் இசையில் தொடங்கி உலகின் பல இசைகளைச் சுற்றிய அக்குழு, 2022இல் வெளியிட்ட ‘ஷிகி’ தொகுதிக்குப் பழைய யப்பானியக் கவிதை ஒன்றைத் தூண்டுதலாகக் கொண்டு, முதுமையையும் மரணத்தையும் தன் தாய்மொழியிற் பாடியது. கடன் வாங்கியது, வாங்கியவனின் வீட்டை அழிக்கவில்லை. வீட்டைப் புதிதாய்ப் பார்க்கும் கண்ணைத் தந்தது.

சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் நூலாயிற்று. கூலிக்காரர் பாட்டில் இலக்கியம் ஏது என்று கருதியோர் நடுவே, காது கொடுத்துக் கேட்ட ஒருவர் செய்த பணி அது. மண்ணின் கலையைப் பேணுவோம் என முழங்குவோர் அவ்வழியில் ஒரு தப்புக் கலைஞனின் அருகமர்ந்து, அவன் அடிக்கும் அடிகளைப் பெயர் அறிந்து பதிவுசெய்வாராயின், அவர் சொல்லுக்கு எடை உண்டு. அவ்வாறு செய்யாது, தப்பையும் கேளாமல், யப்பானியத் தொகுதியையும் கேளாமல், கேட்கும் இளைஞனை மட்டும் கண்டிப்பது பேணலன்று, காவல்.

பத்து நிமிடப் பாட்டின் வளைவுகளைப் பொறுமையோடு பின்தொடரப் பழகிய செவிக்கே, தப்பின் ஓரடி மற்றோரடியாக மாறும் நுட்பமும் பிடிபடும். நமுனுகுலத்தின் இளைஞன் இவ்விரண்டையும் கேட்கட்டும். தீர்ப்பு வழங்க விழைவோரும் முதலில் அவனருகே அமர்ந்து கேட்கட்டும். கேட்டபின் வரும் மறுப்பு எத்துணைக் கடியதாயினும் அது திறனாய்வு. கேளாது வருவது எத்துணை இனியதாயினும் அதுவே இரைச்சல்.