லைசென்ஸ்தாரரும் போலீஸ் சோதனையும்

முறைப்படி லைசென்ஸ் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கும் ஒரு பிரஜையின் வீட்டு வாசலில் போலீஸ் உத்தியோகஸ்தர் ஒருவர் வந்து நின்று, உள்ளே போய்ப் பார்க்கவேண்டும் என்கிறார். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி அவர் வந்திருக்கிறார் என்று வினவ அப்பிரஜைக்கு உரிமை உண்டா, இல்லையா? உண்டு என்பதே நமது திடமான அபிப்பிராயம். இது துப்பாக்கி வைத்திருக்கும் சிலரைப் பற்றிய விவகாரந்தானே என்று மற்றவர்கள் பாராமுகமாயிருப்பது தகாது. சர்க்கார் ஜாபிதாவில் பெயர் ஏறிய மாத்திரத்திலேயே ஒருவனுடைய வீடு கதவில்லாத வீடாகிவிடுமா என்பதே இங்கு எழும் கேள்வி. இன்று துப்பாக்கி ஜாபிதாவில் சிலர் பெயர் இருக்கிறது. ஏதேனுமொரு சர்க்கார் ஜாபிதாவில் பெயர் இல்லாத பிரஜை இந்நாட்டில் எவருமில்லை.

ஆயுதச் சட்டத்தின் பூர்வோத்தரத்தை நம் தேசபக்தர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1878-ம் வருஷத்தில் லார்டு லிட்டன் இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தார். ஒன்று சுதேச பாஷைப் பத்திரிகைகளின் வாயைக் கட்டியது. மற்றொன்று ஜனங்களின் கையைக் கட்டியது. ஆயுதச் சட்டத்தின் கீழ்ச் செய்யப்பெற்ற விதிகள் ஐரோப்பியருக்கு விலக்களித்து, இந்நாட்டில் பிறந்தவனை மட்டும் சந்தேகத்துக்குரியவனாக்கின. 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை இச்சட்டத்தைத் திருத்தவேண்டுமென்று தீர்மானித்தது. 1930-ல் காந்தியடிகள் வெளியிட்ட பதினோரு கோரிக்கைகளில், தற்காப்புக்காகத் துப்பாக்கி லைசென்ஸ் வழங்கவேண்டும், அது ஜனங்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருக்கவேண்டும் என்பதும் ஒன்று. 1931-ல் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானமும் ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் குறிப்பிட்டது. அஹிம்சையை உயிர்மூச்சாகக் கொண்ட மகாசபை இதைக் கேட்டதேன்? துப்பாக்கியின்மேல் கொண்ட மோகத்தினாலன்று. பிரஜையை நம்பாத ராஜாங்கம் பிரஜைகளின் ராஜாங்கமாகாது என்பதினாலேயே.

சுதந்திரம் வந்தபின் 1959-ம் வருஷத்திய ஆயுதச் சட்டம் பழைய சட்டத்தின் ஸ்தானத்தைப் பெற்று, 1962-ல் அமலுக்கு வந்தது. இச்சட்டம் சர்க்காருக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம் சொற்பமன்று. லைசென்ஸ் கேட்கும் ஒவ்வொருவரைப் பற்றியும் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அறிக்கை பெறவேண்டும். ஆயுதத்தைக் கையில் கொண்டு செல்வோரிடம் லைசென்ஸைக் காட்டும்படி போலீஸார் கேட்கலாம். லைசென்ஸ் கொடுத்த அதிகாரி, ஆயுதம் இன்னும் அவர் வசம் இருக்கிறதா என்று விசாரித்து, அதைக் கொண்டுவந்து காட்டும்படி கோரலாம். காரணத்தை எழுதிவைத்து லைசென்ஸை நிறுத்தலாம், ரத்தும் செய்யலாம். இவை யாவும் நியாயமே. ஆனால் வீட்டினுள் புகுந்து சோதனையிடுவது வேறு விஷயம். அதற்காகவே 22-வது பிரிவு தனியாக இருக்கிறது. ஒருவர் சட்டவிரோதமான காரியத்துக்காக ஆயுதம் வைத்திருக்கிறார் என்றோ, அவரிடம் ஆயுதம் இருப்பது பொது அமைதிக்கு அபாயம் என்றோ மாஜிஸ்திரேட் நம்பவேண்டும், நம்புவதற்குரிய காரணத்தை எழுதிவைக்கவேண்டும், அதன்பிறகே சோதனை. ஆயுதத்தைக் காட்டு என்று கேட்கும் அதிகாரமும் வீட்டைத் திற என்று கட்டளையிடும் அதிகாரமும் ஒன்றல்ல என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் நன்கறிந்தே இருந்தார்கள். மறந்துவிடுகிறவர்கள் அதை நடத்திவைக்கும் உத்தியோகஸ்தர்களே.

நியாயஸ்தலங்களின் வாக்கும் இதுவேதான். 1962-ல் கரக் சிங் வழக்கில், போலீஸார் ஒருவரைக் கண்காணிக்கும் பொருட்டு இரவில் அவர் வீட்டுக்குச் சென்று கதவைத் தட்டும் வழக்கம் செல்லாதென்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அவரோ கொள்ளைக்காரரென்று போலீஸாரால் சந்தேகிக்கப்பட்டவர். சந்தேகத்துக்கு ஆளானவர் வீட்டுக் கதவுக்கே இந்தப் பாதுகாப்பு உண்டென்றால், போலீஸார் தாமே விசாரித்து நல்லவரென்று அறிக்கை கொடுத்து, சர்க்கார் முத்திரையிட்டு லைசென்ஸ் வழங்கிய பிரஜைக்கு அதைவிடக் குறைவான பாதுகாப்பா? 2017 ஆகஸ்டு 24-ந் தேதி ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாய் அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று தீர்ப்புச் சொன்னார்கள். அவ்வுரிமையில் தலையிட சட்டத்தின் ஆதாரம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், தலையீடு நோக்கத்துக்குத் தகுந்த அளவில் நிற்கவேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இனி, தேர்தல் காலத்து வழக்கத்தைக் கவனிப்போம். தேர்தல் தேதி வெளியானதும், லைசென்ஸ்தாரர் அனைவரும் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கவேண்டுமென்று பல இடங்களில் பொதுப்படையாகத் தாக்கீது பிறக்கிறது. தேர்தல் கமிஷனின் அறிவுரை அவ்விதமில்லை. ஜாமீனில் இருப்பவர்கள், குற்றச் சரித்திரம் உள்ளவர்கள், முன்பு கலகங்களில் சம்பந்தப்பட்டவர்கள் ஆகியோரைத் தனித்தனியே பரிசீலித்து முடிவு செய்யவேண்டுமென்பதே அதன் கருத்து. 2024-ல் அலகாபாத் ஹைகோர்ட்டின் லக்னோ கிளையும் பொதுப்படையான உத்தரவினால் எல்லோரையும் ஒப்படைக்கச் சொல்லலாகாதென்று கண்டித்தது. காட்டோரத்து நிலத்தில் பயிர்க்காவலுக்கென்று பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கும் குடியானவனையும், கூலிப்படையோடு திரியும் பிரமுகரையும் ஒரே தாக்கீதில் அடைப்பது உத்தியோகஸ்தர்களுக்குச் சுலபம். ஆனால் தேர்தல் முடியும்வரை பன்றிகள் காத்திருக்கப் போவதில்லை; கூலிப்படையினரின் துப்பாக்கியோ எந்த ஜாபிதாவிலும் இருக்கப் போவதில்லை.

ஜாபிதாவின் இரகசியம் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. யாரிடம் எந்த ஆயுதம், எந்த விலாசத்தில் இருக்கிறதென்ற விவரம் சர்க்காரிடம் இருப்பது அவசியம். சந்தைக்கு வருவது அபாயம். ஆயுதம் தேடும் திருடனுக்கு அது வழிகாட்டி. ஒளிந்து வாழும் பெண்ணைத் தேடும் கொடியவனுக்கு அது விலாசப் புத்தகம். 2012 டிசம்பரில் அமெரிக்காவின் நியூயார்க் ராஜ்யத்தில் ஒரு பத்திரிகை, இரண்டு கவுண்டிகளில் கைத்துப்பாக்கி அனுமதி பெற்றவர்களின் பெயரையும் விலாசத்தையும் படத்தில் குறித்து வெளியிட்டது. எழுந்த கூச்சலின் விளைவாக, தம் விவரத்தை வெளியிடவேண்டாமென்று அனுமதிதாரர் கோருவதற்கு 2013-ம் வருஷத்துச் சட்டம் இடமளித்தது. 2022 ஜூனில் கலிபோர்னியா ராஜ்யத்தின் நீதி இலாகாவே, துப்பாக்கி அனுமதி கோரிய சுமார் 1,92,000 பேரின் விவரங்களைத் தன் கவனக்குறைவினால் வெளியே கசியவிட்டது. நம் நாட்டிலும் லைசென்ஸ்தாரர் ஒவ்வொருவருக்கும் தனி எண் அளித்து, விவரங்களைத் தேசிய அளவில் ஒரே தொகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். தொகுப்பு பெரிதாகுந்தோறும் காவலும் பெரிதாகவேண்டாமா?

ஓர் ஆட்சேபம் கூறப்படலாம். துப்பாக்கி வண்டி மாடு போன்ற சொத்தன்று. ஒருவர் கையிலிருப்பது பத்துப்பேர் உயிருக்கு எமனாகக்கூடும். ஆகவே போலீஸார் எந்நேரமும் வந்து பார்ப்பதே க்ஷேமம் என்பார்கள். உயிரின் பெருமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. குடித்துவிட்டு மனைவியை மிரட்டுகிறவனிடமிருந்து துப்பாக்கியை அன்றைக்கே பறிக்கவேண்டும். லைசென்ஸின் காலம் 2019-ம் வருஷத்துத் திருத்தத்தினால் மூன்று வருஷத்திலிருந்து ஐந்து வருஷமாக நீண்டிருப்பதால், இடையில் ஒருமுறை விசாரிப்பதும் பொருத்தமே. ஆயினும் இங்கிலாந்தின் அனுபவத்தைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் பிளிமத் நகரில் ஒருவன் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றான். அடிதடி செய்தானென்று அவனிடமிருந்து முன்பே கைப்பற்றப்பட்டிருந்த துப்பாக்கியை, அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் போலீஸார் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். கதவைத் தட்டாததினால் நேர்ந்த விபத்தன்று அது. கையிலிருந்த தகவலை மதிக்காததினால் நேர்ந்தது. எல்லோரையும் சந்தேகிக்கிற போலீஸாருக்கு, சந்தேகிக்கவேண்டியவனைச் சந்தேகிக்க நேரமிராது. அதே இங்கிலாந்தில் 2014-ல், முன்னறிவிப்பின்றி லைசென்ஸ்தாரர் வீட்டுக்குச் செல்லலாமென்று போலீஸாருக்கு வழிமுறை வகுத்தபோதுகூட, தகவலின் ஆதாரத்தின்மீதே செல்லவேண்டும், அனுமதியின்றி உள்ளே புக அதனால் புதிய அதிகாரமில்லை என்று தெளிவுபடுத்தினார்கள்.

ஆகையால் நாம் கோருவது இவ்வளவே. சாதாரணமான சரிபார்த்தலுக்கு லைசென்ஸ்தாரருக்கு எழுத்துமூலம் தேதி குறித்துத் தெரிவிக்கவேண்டும். ஆயுதத்தையும் லைசென்ஸையும் பார்ப்பதோடு அது முடியவேண்டும். வீட்டைச் சோதிக்கவேண்டுமானால் மாஜிஸ்திரேட் எழுதிய காரணத்தோடு வரவேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி அச்சோதனை ஒலி-ஒளிப் பதிவு செய்யப்படவேண்டும். தேர்தல் காலத்தில் தனித்தனிப் பரிசீலனையின்றி எவர் ஆயுதத்தையும் வாங்கலாகாது. ஜாபிதாவை யார், எப்பொழுது, எதற்காகப் பார்த்தார் என்று பதியவேண்டும்; கசியவிட்டவர் தண்டனை பெறவேண்டும். பிரஜையின் கடமையும் உண்டு. துப்பாக்கியைப் பூட்டி வைப்பதும், தொலைந்தால் உடனே தெரிவிப்பதும், உரிய அதிகாரி கேட்டபோது கொண்டுவந்து காட்டுவதும் அவர் பொறுப்பு. இதில் தவறுபவருக்காக நாம் பரிந்து பேசவில்லை.

லார்டு லிட்டனின் பத்திரிகைச் சட்டம் 1882-ல் மாண்டது. அவருடைய ஆயுதச் சட்டமும் ஏட்டளவில் மாண்டுவிட்டது. ஆனால் பிரஜையைக் கண்டால் சந்தேகி என்ற அதன் ஆவி இன்னும் ஸ்டேஷன்களில் உலவுகிறது. சட்டசபையில் ஜனங்களின் பெயரால் அமர்ந்திருப்பவர்கள் இதைக் கேள்வியாக எழுப்பவேண்டும். லைசென்ஸ்தாரர்களும் சட்டவிரோதமான தாக்கீதுக்கு வாய்மூடிப் பணியாமல், காரணத்தை எழுத்தில் தரும்படி மரியாதையாகவும் உறுதியாகவும் கேட்கவேண்டும். கேட்காத பிரஜைக்கு எந்தச் சட்டமும் காவலாகாது.