கரும்பலகையும் பிடிலும்

சோமனூரில் மின்சாரம் நின்றால்தான் அமைதி. மற்றப் பொழுதெல்லாம் விசைத்தறிகளின் ஓசை வீதிதோறும் நிறைந்திருக்கும். அந்த ஓசைக்கு நடுவே, எங்கள் தெருக்கோடி வீட்டில் பத்துப் பிராயத்துப் பையன் ஒருவன் மாலை வேளைகளில் பிடில் பழகுகிறான். அவன் என் வகுப்பு மாணவன். அவனைப் பற்றிச் சொல்லுமுன் வேறொரு பையனின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

1893-ல் பெங்களூரில் பிறந்து, விசாகப்பட்டினத்தில் வளர்ந்தவர் துவாரம் வேங்கடசாமி நாயுடு. இளமையிலேயே அவருக்குக் கண்பார்வை மிகக் குறைவு. அதனால் பள்ளிக்கூடம் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டது. வீட்டில் தமையனார் வேங்கடகிருஷ்ணய்யாவின் பிடில் இருந்தது. தம்பி அதில் வாசித்துப் பார்ப்பதைக் கவனித்த தமையனார், தாமே குருவாகிக் கற்பிக்கலானார். 1919-ல், ஆந்திர தேசத்து விஜயநகரத்தில் மகாராஜா தொடங்கிய சங்கீதக் கல்லூரிக்கு மாணவராகச் சேரச் சென்றவரை, வாசிப்பைக் கேட்டு ஆசிரியராகவே அமர்த்திக்கொண்டார்கள் என்பர். 1936-ல் அக்கல்லூரிக்கே தலைவரானார். 1941-ல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் 'சங்கீத கலாநிதி' பட்டம் அளித்தது. பக்கவாத்தியமாக இருந்த பிடிலைத் தனிக் கச்சேரிக்கும் உரியதாக உயர்த்தியவர்களுள் அவர் முதன்மையானவர்.

கரும்பலகை கைவிட்ட பையனைப் பிடில் எவ்வாறு ஏற்றுக்கொண்டது? அந்த வாத்தியத்தின் அமைப்பே அதற்கு விடை கூறும். வீணைக்கு மெட்டுகள் உண்டு. ஸ்வரத்தின் இடத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். பிடிலில் மெட்டே கிடையாது. விரல் ஒரு நூலளவு நகர்ந்தாலும் சுருதி விலகிவிடும். செவி ஒன்றே அங்கே வழிகாட்டி. பாலுஸ்வாமி தீக்ஷிதர் (1786-1858) காலத்தில் இவ்வாத்தியம் ஐரோப்பியரிடமிருந்து நம் சங்கீதத்துக்கு வந்தது. அவர்கள் முறையில் ஏடு பார்த்து வாசிப்பதற்கு முக்கிய இடம் உண்டு. நம்மவரோ குரு பாடக் கேட்டு, தாமும் பாடி, அதன்பின் வாசிக்கும் வழக்கத்தைப் பிடிலுக்கும் கொண்டுவந்தார்கள். தரையில் அமர்ந்து, வாத்தியத்தின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக்கொள்வதும், கமகத்துக்காக இடக்கை தடையின்றி வழுக்கிச் செல்லும் பொருட்டேயாகும்.

இனி என் மாணவனின் கதை. சென்ற ஆண்டு அவனுடைய மதிப்பெண் அட்டையில் 'கவனம் போதாது' என்று எழுதியவன் நான்தான். அவன் தாயார் அதை எடுத்துக்கொண்டு வந்தார். "வாத்தியாரய்யா, எட்டுத் தறி ஓடுகிற கொட்டகையில், எந்தத் தறி தாளம் தப்புகிறதென்று வாசலில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுகிறானுங்க. இவனுக்கா கவனம் இல்லை?" என்றார். என்னால் மறுமொழி கூற முடியவில்லை. கண்ணைச் சோதித்தபோது, கரும்பலகையில் நான் எழுதியவற்றில் பாதி அவனுக்குத் தெரிந்ததேயில்லை என்பது வெளியாயிற்று.

இப்போது கண்ணாடி அணிந்து முதல் பெஞ்சியில் அமர்கிறான். வாரம் இருமுறை கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஆசிரியை வந்து அவனுக்கும் வேறு சில குழந்தைகளுக்கும் பிடில் கற்பிக்கிறார். முதல் மாதம் முழுவதும் அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. சுருதிப் பெட்டியை வைத்துக் குழந்தைகளைப் பாடச் செய்தார். பிறகு விரல் வைக்காமலேயே நீள வில் போடப் பழக்கினார். அதன் பின்னரே மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. ஒரு குழந்தை பிசகினால், "தப்பு" என்று அவர் சொல்வதில்லை. "மறுபடி கேள்" என்கிறார். தாம் ஒரு முறை பாடிக் காட்டுகிறார். குழந்தையின் விரல் தானே இடம் தேடி நகர்கிறது.

அந்தப் பையன் வித்வானாவானா என்று நான் ஆராயவில்லை. ஆகாவிட்டாலும் குறையொன்றுமில்லை. இருபது ஆண்டு உபாத்திமைத் தொழிலில், "மறுபடி கேள்" என்று பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒரு தறிக்காரர் வீட்டுத் தாய் வர வேண்டியிருந்தது.